குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில்

ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்தச் சொல் "பிளாஸ்டிக்".

ஏழெட்டு வருஷம் முன்னால் நண்பன் ஒருவன் தன் வீட்டு மாடியறையில் பதிவு செய்த நான்கு பாடல்களை எனக்கு அனுப்பினான். பத்மநாபபுரம் கோட்டைக்குள் அவன் வீடு. தக்கலைப் பக்கம் ஒரு சர்ச்சின் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன். முதல் வேலையில் மூன்று மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்து ஒரு டிஜிட்டல் ஆம்ப் மாடலர் வாங்கியிருந்தான். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரும் அதன் ஸ்பீக்கர் பெட்டியும் கிட்டாரின் சத்தத்தை என்ன செய்யுமோ அதைக் கணக்காகப் போட்டுச் செய்துகாட்டும் பெட்டி அது. நான் அப்போதுதான் இசை பற்றி எழுத ஆரம்பித்திருந்தேன். நாலு பேர் வாசித்தார்கள், இரண்டு பேர் பாராட்டினார்கள், அது போதாதா. அவனுக்கு இப்படிப் பதில் போட்டேன்: "பாட்டு நல்லாருக்கு. ஆனா கிட்டார் பிளாஸ்டிக் மாதிரி கேக்குது. டிஜிட்டல்னா இப்படித்தான்."

"சரி" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அந்தப் பாடல்கள் எங்கேயும் வெளியாகவில்லை. அதன் பிறகு அவன் எனக்குப் பாட்டு எதுவும் அனுப்பவும் இல்லை.

போன வருஷம் வேலைக்காக வெளிநாடு போனபோது கிட்டாரையும் மாடலரையும் என் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். "சும்மா கெடக்கும், நீ எடுத்து வாசி." என்னிடம் ஒரு சின்ன வால்வு ஆம்ப் இருக்கிறது. அதன் வெப்பம், அதன் மணம், அது சூடாக எடுத்துக்கொள்ளும் அரை நிமிஷம் என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். அந்த ஆம்பில் அவன் கிட்டாரைச் செருகி ஒரு கார்டு பிடித்தேன்.

அதே பிளாஸ்டிக் சத்தம்.

நாகர்கோவிலில் ஆர்மோனியம், வயலின், கிட்டார் எல்லாவற்றையும் சரிசெய்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். என்ன ஆம்ப், என்ன பெட்டி என்று நான் விளக்க ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவில்லை. கிட்டாரை வாங்கி, ஒரு கண்ணை மூடி, கழுத்து வழியாகத் துப்பாக்கி குறிபார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மக்களே, இதுக்க கழுத்து வளஞ்சு கெடக்கு. கம்பி மாத்தி எத்தன வருசம் ஆச்சு?"

தெரியாது என்றேன்.

"பெட்டியக் குத்தம் சொல்லி என்ன செய்ய? நீ குடுக்குததத்தான அது திருப்பித் தரும்."

அன்று சாயங்காலம் அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதில் மர்மம் எதுவும் இல்லை என்பதே நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம்.

கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள். ஆறு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை முன்னால் இழுக்கும். அந்த இழுப்பைச் சமன்செய்வது ட்ரஸ் ராடின் வேலை. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் நம்முடையது. மரம் ஈரத்தைக் குடிக்கும், பங்குனி வெயிலில் விடும். கழுத்து அதற்கேற்ப அசைந்துகொண்டே இருக்கும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். இதில் நாலைந்து கார்டு போகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2 மில்லிமீட்டர் பக்கம் இருக்கவேண்டும். இருந்தது 4.

உயரம் கூடினால் விரல் வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கம்பியை அதிக தூரம் கீழே அழுத்தும்போது அது கொஞ்சம் நீள்கிறது, இழுவை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. அதாவது வெறுங்கம்பியில் சுருதி சுத்தமாகச் சேர்த்த கிட்டார், கார்டு பிடித்த நொடியில் அபசுருதி ஆகிறது. ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு அளவில் ஏறும். ட்யூனர் பச்சை விளக்கு காட்டும், பாட்டு சேராது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டில் பள்ளங்கள் ஆழமில்லாமல் இருந்தால் முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டுகளில் இந்தக் கோளாறு இன்னும் மோசம். ஆரம்பத்தில் நாம் கற்கும் கார்டுகள் எல்லாம் அந்த இடத்தில்தான்.

இதை மாடலரிலோ வால்விலோ கூட்டிவைத்தால் என்ன ஆகும்? ஒரு சுரம் 440 ஹெர்ட்ஸிலும் அதனோடு ஒன்றவேண்டிய இன்னொன்று 443-லும் ஒலித்தால், வினாடிக்கு மூன்று துடிப்பு கேட்கும். டிஸ்டார்ஷன் என்பது சத்தத்தைக் கூட்டுவது மட்டுமில்லை. அது உள்ளே வரும் சுரங்களின் கூட்டலையும் கழித்தலையும் புதிய சுரங்களாக வெளியே தள்ளும். சேர்ந்த சுரங்கள் போனால் அந்தப் புதிய சுரங்களும் இசைவாக வரும், கேட்கத் தடிமனாக இருக்கும். சேராத சுரங்கள் போனால் கரகரப்பும் அடைப்பும்தான் வரும். நான் "பிளாஸ்டிக்" என்று பெயரிட்டது இதைத்தான்.

அண்ணன் ட்ரஸ் ராடைத் திருகினார், நட்டின் பள்ளங்களை மெல்லிய அரத்தால் தேய்த்தார், கம்பிகளை மாற்றினார், உயரத்தை இறக்கினார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை வெறுமனே தொட்டு வரும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி வரும் ஒலியையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை அடியில் உள்ள திருகுகளை முன்னும் பின்னும் நகர்த்தினார். பிக்அப்பின் காந்தம் கம்பிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்து கம்பியை இழுத்துக்கொண்டிருந்தது, அதையும் கீழே இறக்கினார். புதுக் கம்பியையும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

வீட்டுக்கு வந்து மாடலரில் ஒரு முறையும் வால்வு ஆம்பில் ஒரு முறையும் அதே துணுக்கை வாசித்துப் பதிவு செய்தேன். இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்தினேன். நான் திரும்பி உட்கார்ந்துகொள்ள, தங்கச்சி மாற்றி மாற்றிப் போட்டாள். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிவிட்டாலும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

*

இதை ஒரு தனிமனிதனின் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். ஆனால் கருவியைப் பார்த்துவிட்டு ஒலியைப் பற்றித் தீர்ப்பு சொல்வது நம் இசைப்பேச்சில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். நாம் யோசிப்பதைவிட நம் மரபு இந்த விஷயத்தில் தெளிவாக இருந்திருக்கிறது.

பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடிபோல வழவழக்கும் கருப்புத் தரையுடன் ஒரு நவராத்திரி மண்டபம் இருக்கிறது. திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனபின், நவராத்திரிக் கச்சேரிகளும் அங்கே போய்விட்டன. ஆனால் சரஸ்வதி இங்கேதான் இருக்கிறாள். ஒவ்வொரு புரட்டாசியிலும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வர, அவள் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்க் கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறாள்.

அந்தக் கச்சேரிகளுக்கு இன்றைய வடிவம் தந்தவராகச் சுவாதித் திருநாளைச் சொல்வார்கள். அவருடைய அவைக்குத்தான் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வந்தார். வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கியதில் பாலுசுவாமி தீட்சிதருக்கு அடுத்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது. 1834-ல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன ஒரு வயலினைப் பரிசளித்தார். வயலின் அன்று வெள்ளைக்காரன் கருவி. அதை நம்முடையதாக்க நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? கருவியை மாற்றவில்லை, அதன் அமைப்பை மாற்றினார்கள். நாலு கம்பிகளையும் ச-ப-ச-ப என்று சேர்த்தார்கள். நின்று வாசிப்பதை விட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றினார்கள். இடது கை கழுத்தைத் தாங்கவேண்டிய பாரம் போனதும் விரல் மேலும் கீழும் வழுக்க முடிந்தது, கமகம் வந்தது. இன்றைய மொழியில் சொன்னால், அது ஒரு செட்டப்.

செட்டப்புக்குத் தமிழில் சொல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளையும் மெழுகில் பதித்துக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். மெழுகு வெயிலில் இளகும், மெட்டு நகரும், திரும்பவும் கட்டவேண்டும். தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கம்பி சட்டென்று ரீங்கரிக்கும் இடத்தைப் பிடிப்பார்கள். குதிரை என்றால் கம்பிகள் ஏறி உட்கார்ந்திருக்கும் பாலம். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். கம்பிக்கும் குடத்துக்கும் இல்லாத பெயரை ஒரு துண்டு நூலுக்கு வைத்திருக்கிறார்கள்.

சி. வி. ராமன் 1921-ல் இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு கம்பியை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மீட்டினால் சில மேற்சுரங்கள் வரவே கூடாது என்பது அதுவரை இருந்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை வருகின்றன. காரணம் குதிரை. கம்பி ஒரு கூர்மையான விளிம்பில் முடியாமல் அகலமான பரப்பின்மேல் தொட்டும் விட்டும் அதிர்கிறது. தொடும் அந்தக் கொஞ்ச இடத்தில் புதிய சுரங்கள் பிறக்கின்றன. குடத்தின் பலாமரத்துக்கும், அதன் வயதுக்கும், செய்தவர் ஊருக்கும் நாம் தரும் பெருமையில் பாதியாவது அந்த விரற்கடை இடத்துக்குப் போகவேண்டும்.

*

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 1980-களில் சென்னை மேடைகளுக்கு வந்தபோது ஒரு சிறுவன். கையில் மின்சார மாண்டலின். கர்நாடக இசைக்கு இது சரிப்படுமா என்ற கேள்வி எழுந்தது இயல்புதான். ஆனால் "மின்சாரமா, இல்லையா" என்பது அங்கே இரண்டாவது கேள்வியாக இருந்திருக்கவேண்டும். சாதாரண மாண்டலினில் நாலு ஜோடியாக எட்டுக் கம்பிகள். ஜோடிக் கம்பியை இழுத்துக் கமகம் வாசித்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது. மீட்டிய ஒலியும் சீக்கிரம் செத்துவிடும். அவர் வாசித்தது ஒற்றைக் கம்பிகள் கட்டிய மாண்டலின். பின்னால் ஐந்து கம்பியாக்கிக் கீழ்ஸ்தாயியையும் சேர்த்துக்கொண்டார். பிக்அப்பும் ஆம்பும் மீட்டிய சுரத்தை நீளவைத்தன. அந்த நீளத்துக்குள் விரல் வேலை செய்தது. அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் இல்லை. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் தேடிப் பிடிப்பான். அதாவது கருவியின் பழக்கம் குறுக்கே வராமல் குரல் நேராக விரலுக்குப் போனது. இதையெல்லாம் பேசியிருக்கவேண்டிய இடத்தில் "எலக்ட்ரிக்" என்ற ஒரு சொல்லை வைத்து விவாதித்தோம்.

இன்று அந்தச் சொல்லின் இடத்தில் "டிஜிட்டல்" இருக்கிறது. எண்பதுகளின் ராஜா பாட்டு எதையாவது இணையத்தில் திறந்து கீழே பாருங்கள். "அனலாக் வார்ம்த்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். நானும் எழுதியவன்தான். அவர் கேட்டுக்கொண்டிருப்பது சுருக்கப்பட்ட ஒரு டிஜிட்டல் கோப்பு, அதுவும் பலமுறை மாற்றி ஏற்றப்பட்டது. அந்த வெதுவெதுப்பு இத்தனையையும் தாண்டி அவர் காதுக்கு வந்து சேர்கிறது என்றால் அது டேப்பில் மட்டும் இருந்திருக்க முடியாது. 1982-ல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்தின் நிலாப் பாட்டில் வரும் கிட்டார் இன்றும் ஃபோன் ஸ்பீக்கரில்கூட மினுங்குகிறது. சுத்தமாகச் சுருதி சேர்ந்த கருவி, தேர்ந்த விரல், கிட்டார் எங்கே பேசவேண்டும் எங்கே வாயை மூடவேண்டும் என்று தெரிந்த எழுத்து. நான்கே வருஷத்தில், 1986-ல், அதே ராஜா புன்னகை மன்னனில் கணினி சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அந்தத் தீம் இசையையும் நாம் அதே பெருமூச்சோடுதான் கேட்கிறோம். கருவியைப் பற்றி நம்மைவிட அவருக்குக் கூச்சம் குறைவு.

நம் ஊரில் மட்டுமில்லை இந்தக் கூத்து. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் எல்.பி. தட்டுகளை முழுக்க முழுக்க அனலாக் என்று நம்பி, இசைத்தட்டுப் பித்தர்கள் கொண்டாடினார்கள். 2022-ல் உண்மை வெளியே வந்தது. 2011 முதலே அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கிறது. பெரிய சண்டை, வழக்கு எல்லாம் ஆனது. நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கவேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதினோரு வருஷமும் தன் காது டிஜிட்டலைக் கண்டுபிடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி என்ன சொல்வது?

*

இவ்வளவையும் படித்துவிட்டு நான் கட்சி மாறிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். டிஜிட்டலுக்கும் அதன் சோம்பேறித்தனம் உண்டு, அதைக் கண்டிக்காத விமர்சனம் அரைகுறைதான்.

பெங்களூரின் ஜி. ராஜ் நாராயண் 1979-ல் எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். ஒரு விமானப் பொறியாளர், புல்லாங்குழல் வாசிப்பவர். ரயிலில் தம்புராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த எத்தனையோ கலைஞர்களுக்கு அது விடுதலை. வாடகை வீட்டில் தனியாகச் சாதகம் செய்யும் ஒரு மாணவிக்கு இன்று ஃபோன் செயலி அதைவிட விடுதலை. ஆனால் அந்தப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டும் போனது. தம்புராவைச் சேர்ப்பதற்குச் செலவான அந்தக் கால்மணி நேரம், காதைத் தீட்டும் கால்மணி நேரமாகவும் இருந்தது. ஜீவா எங்கே பிடிக்கிறது என்று தேடியவருக்குச் சுருதி விலகினால் உடம்பில் தெரியும். பித்தானை அழுத்துகிறவருக்கு அந்தப் பயிற்சி வேறு எங்கிருந்தாவது கிடைத்தாகவேண்டும். ட்யூனரின் பச்சை விளக்கை நம்பி இத்தனை வருஷம் வளைந்த கழுத்தோடு வாசித்த என் நண்பனின் கதையும் இதில் அடக்கம்.

டிஜிட்டலுக்கும் செட்டப் வேண்டும் என்பது இன்னொன்று. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தைச் சரசரவென்று குறைத்துவிடும். மாடலரில் அந்த ஸ்பீக்கர் கணக்கை அணைத்துவிட்டு நேராகப் பதிவு செய்தால், காதுக்குள் கொசு பறக்கும். அது டிஜிட்டலின் குணமில்லை, வேலை முடியவில்லை என்று அர்த்தம். வால்வு ஆம்பில் ஸ்பீக்கருக்குப் பதில் டேப் ரெக்கார்டரைச் செருகினாலும் அதே கொசுதான்.

வால்வுக்கு அதன் இடம் உண்டு. விரலை மெல்லத் தட்டினால் ஒன்றாகவும் ஓங்கி அடித்தால் வேறாகவும் அது பதில் சொல்லும் விதம் எனக்கு இப்போதும் பிடிக்கும். அந்தப் பிரியத்தை நான் விடப்போவதில்லை. என் பிரியத்தை அளவுகோலாக்கி இன்னொருவன் பாட்டின்மேல் வைத்ததுதான் தப்பு.

இணையத்தில் எழுதும், இணையத்தில் படிக்கும் உங்களுக்கு இந்தத் தப்பு புதிதில்லை. அச்சில் வந்தால் இலக்கியம், வலையில் வந்தால் வெறும் பதிவு என்று ஒரு காலம் சொன்னார்கள், இப்போதும் சில மேடைகளில் சொல்கிறார்கள். காகிதத்தில் வந்த மோசமான கவிதைகளும் உண்டு, திரையில் வந்த நல்ல கதைகளும் உண்டு. ஒரு பிரதியை யார் திருத்தினார்கள், எத்தனை முறை திரும்ப எழுதப்பட்டது, எந்த வரி வெட்டப்பட்டது என்பதெல்லாம் எழுத்தின் ட்ரஸ் ராடும் நட்டும். அந்தக் கேள்விகளைக் கேட்கச் சோம்பல்பட்டவர்கள்தான் காகிதமா திரையா என்று கேட்டார்கள். நம்மைப் பற்றி அப்படிச் சொன்னபோது நமக்கு வலித்தது. அதையே நான் ஒரு கிட்டாருக்குச் செய்தேன்.

இப்போது ஒரு பதிவைக் கேட்கும்போது எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் பாட்டு, பிறகு விரல், பிறகு சுருதி, பிறகு கருவியின் அமைப்பு, கடைசியாகப் பெட்டி. முதல் நான்கிலேயே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடுகிறது. கிடைக்காவிட்டால் "எனக்கு ஏதோ உறுத்துது, என்னன்னு தெரியல" என்று எழுதிவிடுகிறேன். அனுப்பியவன் அதை வைத்து எதையாவது தேடிப்பார்க்கலாம். "டிஜிட்டல்னா இப்படித்தான்" என்ற பதிலுக்குப் பிறகு தேட அவனுக்கு என்ன இருந்தது?

கிட்டாரைச் சரிசெய்த அன்று ராத்திரியே நண்பனுக்கு எழுதினேன். கழுத்து வளைந்திருந்தது, நட் உயரமாக இருந்தது, பெட்டியில் ஒரு குறையும் இல்லை, நான் சொன்னது தப்பு என்று. மறுநாள் காலை குரல் செய்தி வந்தது.

"லேய், அதுல இப்ப எஃப் கார்டு பிடிக்க முடியுதா?"

முடிகிறது, ரொம்ப லேசாக, என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது.

"நான் இத்தன நாளும் எனக்க விரல்தான் சரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அந்த நான்கு பாடல்களும் இப்போது அவனிடம் இல்லை. பழைய கணினியோடு போய்விட்டன. எனக்கு அனுப்பியவை மட்டும் என் மின்னஞ்சலில் கிடக்கின்றன. திரும்பக் கேட்டேன். சுருதி விலகித்தான் இருக்கிறது. மூன்றாவது பாட்டின் சரணத்தில் மெட்டு ஓர் இடத்தில் எதிர்பாராமல் இறங்குகிறது. அன்றைக்கு அதை நான் கவனிக்கவே இல்லை. நான்கையும் அவனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். புரட்டாசியில் லீவு கிடைக்கும் என்கிறான். அதற்குள் மழை வந்துவிட்டால், கழுத்தை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லவேண்டும்.